எருக்குழியும் கொடியடுப்பும்: கைவேலையின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

சில மாதங்களாக உங்களில் பலர் எனக்குப் படங்கள் அனுப்புகிறீர்கள். மாடியில் கத்தரிச் செடி, பால்கனியில் கம்போஸ்ட் வாளி, பழைய பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலை, தென்னை ஓலையில் முடைந்த தடுக்கு. பெங்களூரில் இருக்கும் ஒருத்தி புது வீட்டின் பின்கட்டில் மண் அடுப்பே போட்டுவிட்டாள். "டீச்சர், தாத்தா பாட்டி காலத்து வாழ்க்கைக்குத் திரும்பிக்கிட்டு இருக்கோம்" என்று கீழே ஒரு வரி வேறு. படங்கள் அத்தனையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அந்தத் தாத்தாவும் பாட்டியும் எதிலிருந்து உங்களை விடுவிக்கப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? கைவேலையை மதிப்புள்ளதாக ஆக்க இந்த நாட்டில் பெரிய முயற்சிகள் நடந்தன. அதே கைவேலை என்ற பெயரைக் கேட்டாலே ஊர் பயப்படும்படி ஒரு காரியமும் நடந்தது. இரண்டையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் எருக்குழி.

கம்போஸ்ட் வாளி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருகிறது. காய்ந்தது ஓர் அடுக்கு, பச்சை ஓர் அடுக்கு, ஈரம் வேண்டும், காற்று வேண்டும், அடிக்கடி கிளற வேண்டும் என்று அதில் இருக்கும். ஏதோ வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்தது என்று நினைப்போம். வெளிநாட்டுக்காரர்தான், ஆனால் கண்டுபிடித்த இடம் மத்தியப் பிரதேசத்து இந்தூர். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி 1905இல் பீகாரில் இருந்த பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அவர் மனைவி கேப்ரியேலும் தாவரவியல் விஞ்ஞானி, இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். நம் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர், அந்த விவசாயிகளையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையுமே தன் பேராசிரியர்களாக வைத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது அவர் முறைப்படுத்தியதுதான் இந்தூர் முறை எருக்குழி. சீன விவசாயிகள் குப்பையை எருவாக்கும் விதத்தைப் படித்ததும் அதற்குக் கைகொடுத்தது.

அந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பருத்திமார் கெட்டியாக இருக்கும், லேசில் மக்காது. அதற்கு ஹோவர்ட் இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. வண்டி போகும் பாதையில் பருத்திமாரைப் பரப்பிவிட்டார். மாட்டு வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் நசுக்கிக் கொடுத்துவிடும். அதைத் தொழுவத்தில் மாட்டுக்குப் படுக்கையாகப் போட்டு, மூத்திரம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல், கரைத்த சாணம் எல்லாவற்றோடும் ஆழம் குறைந்த குழியில் அடுக்கி, மூன்று தடவை புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் எரு தயார். புரட்டுவதுதான் இதில் உயிர்நாடி. நம் ஊர்க் குப்பைக்குழியில் எல்லாவற்றையும் கொட்டி அப்படியே விட்டுவிடுவோம். காற்றுப் புகாமல் அடியில் நாற்றமெடுத்துக் கிடக்கும், வருஷத்துக்கு ஒருமுறை வண்டியில் அள்ளுவோம். சாணத்தில் பாதி வறட்டியாகி அடுப்புக்குப் போய்விடும். நிலத்துக்குப் போக வேண்டியது நெருப்புக்குப் போகிறதே என்ற கவலை ஹோவர்டுக்கு இருந்தது. எங்கள் கரிசல் காட்டில் பருத்திமாரும் அடுப்புக்குத்தான் போகும். வேறு விறகுக்கு எங்கே போவது?

1935இல் காந்தி இந்தூர் போனபோது இந்த நிலையத்தைப் பார்த்தார். பிறகு இந்த முறையைப் பற்றி 'ஹரிஜன்' பத்திரிகையில் வெளிவந்தது. ஹோவர்டின் புத்தகங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவி, அங்கே இயற்கைத் தோட்டம் போடுகிறவர்களுக்குப் பாடநூல் மாதிரி ஆயின. அங்கிருந்து பிளாஸ்டிக் வாளியாக இப்போது உங்கள் பால்கனிக்குத் திரும்பி வந்திருக்கிறது. வாளி வாங்கியதைக் குறை சொல்லவில்லை. ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளியும் அதே வேலையைச் செய்யும் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது அடுப்பும் விளக்கும். இதில் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார்.

ஜே. சி. குமரப்பாவை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தாலே அதிகம். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறித்தவர். லண்டனில் கணக்காளர் படிப்பு, பம்பாயில் நல்ல வருமானமுள்ள தொழில், பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். 1929இல் காந்தியைப் பார்க்க சபர்மதி போனார். சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தார், அவர்தான் காந்தி என்பதே இவருக்கு முதலில் தெரியவில்லை என்றும், உடுத்தியிருந்த உயர்ந்த உடுப்போடு இவரும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். 1934இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பை காந்தி இவரிடம் கொடுத்தார். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் சங்கம் இயங்கியது. செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் என்று ஒவ்வொன்றையும் எடுத்து, உழைப்பு எங்கே வீணாகிறது, எதை மாற்றினால் சுலபமாகும் என்று ஆராய்ந்தார்கள்.

அங்கே உருவானதுதான் மகன் தீபம் என்ற விளக்கு. மண்ணெண்ணெய்க்குப் பதிலாக, சமையலுக்கு உதவாத தாவர எண்ணெயில் எரிவது. புங்கமரமும் வேப்பமரமும் ஊரெல்லாம் நிற்கும்போது விளக்கெரிக்க ஏன் கடல் கடந்து எண்ணெய் வர வேண்டும் என்பது குமரப்பாவின் கேள்வி. மண்ணெண்ணெய்க்குக் கொடுக்கிற காசு ஊரைவிட்டுப் போய்விடும். புங்க எண்ணெய்க்குக் கொடுத்தால் கொட்டை பொறுக்கிய கிழவிக்கும் செக்கு ஓட்டியவருக்கும் போகும். கணக்காளர் அல்லவா, காசு எந்த வழியாகப் போகிறது என்றுதான் அவர் கண் முதலில் பார்க்கும்.

மகன் அடுப்பு என்று புகையில்லாத அடுப்பு ஒன்றும் அங்கே செய்தார்கள். 1950களில் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளரும் இதே வேலையில் இறங்கி, வீட்டிலேயே மண்ணால் கட்டிக்கொள்ளும்படியான ஓர் அடுப்பை வடிவமைத்துப் புத்தகமும் போட்டார். ஒரே தீயின் சூடு ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களுக்குப் போக வேண்டும், மிச்சப் புகை புகைபோக்கி வழியே கூரைக்கு மேலே வெளியேற வேண்டும். இவ்வளவுதான் தத்துவம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கொடியடுப்புதான் ஞாபகம் வரும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். விறகு வைக்கிற பெரிய அடுப்பின் பக்கத்தில் சின்ன அடுப்பு ஒன்று ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளே ஒரு துவாரம். பெரியதில் சோறு கொதிக்கும்போது அந்தத் துவாரம் வழியாக வருகிற சூட்டிலேயே சின்னதில் குழம்பு கொதித்துவிடும். தனி விறகு கிடையாது. என் அம்மா கரம்பை மண்ணையும் செம்மண்ணையும் நறுக்கிய வைக்கோலோடு பிசைந்து, இரண்டு நாள் ஊறப் போட்டு, துவாரத்தை எந்தச் சரிவில் வைக்க வேண்டும் என்று கையாலேயே பார்த்து வைப்பாள். கையெழுத்துப் போடத் தெரியாதவள். துவாரம் கொஞ்சம் தாழ்ந்தாலும் சூடு ஏறாது என்று எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள். பொறியாளர் சொன்ன தத்துவத்தில் பாதி அவள் கையில் ஏற்கெனவே இருந்தது. இல்லாதது புகைபோக்கிதான். அது இல்லாததற்கு அவள் கொடுத்த விலை அவளுடைய கண்ணும் நெஞ்சும். ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதி, நாற்பது வயதுக்கு மேல் காலையில் இருமாமல் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் மண் அடுப்புப் படத்தைப் பார்த்தால் என்னால் உடனே இதயச் சின்னம் போட முடிவதில்லை. பின்கட்டில், திறந்த வெளியில், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு மண் அடுப்பு வைப்பது சந்தோஷம். ஜன்னல் இல்லாத அடுப்பங்கரையில் தினமும் மூன்று வேளை அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்வது வேறு விஷயம். 1980களில் அரசே புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்து ஊர் ஊராகப் போட்டுக் கொடுத்தது. பல வீடுகளில் கொஞ்ச நாளிலேயே புகைபோக்கி கரி அடைத்துக்கொண்டது, அடுப்பு வாய்க்குள் வீட்டு விறகு நுழையவில்லை, பெண்கள் இடித்துப் பெரிதாக்கினார்கள். சமைக்கிறவளைக் கேட்காமல் அடுப்பு செய்தால் இப்படித்தான் ஆகும். கடைசியில் சிலிண்டர் வந்தது. அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பற்றவைத்தாள்.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன், அதாவது பள்ளிக்கூடத்துக்கு.

எரு, அடுப்பு, தறி, தோட்டம் என்று கையால் செய்கிற வேலையைப் பாடத்துக்கு வெளியே வைக்காமல் பாடமாகவே ஆக்கினால் என்ன? 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி இதைத்தான் முன்வைத்தார். ஜாகீர் உசேன் தலைமையில் குழு அமைந்து திட்டம் வகுத்தது. ஏழு ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து. ஆதாரக் கல்வி என்று தமிழில் சொன்னோம். சேவாகிராமத்தில் இதை நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். சாந்திநிகேதனில் தாகூரிடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் மனைவி ஆஷாதேவி வங்காளி. தக்ளியில் நூற்கும் பையன் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு நீளம் என்று கணக்குப் போடுவான், பருத்தி எந்த மண்ணில் விளையும் என்று பூகோளம் படிப்பான், நம் துணி ஏன் அழிந்தது என்று சரித்திரம் கேட்பான். ஆசிரியராக எனக்கு இதைவிட நல்ல யோசனை இன்றுவரை தெரியாது. பிள்ளைகள் செய்த பொருளை விற்றே பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பகுதியில்தான் சிக்கல். பள்ளிக்கூடம் பட்டறை ஆகிவிடும் என்று அந்த மாநாட்டிலேயே எச்சரித்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது நியாயம்தான்.

இந்தத் திட்டத்தின் அடிப்படை என்ன? நெசவாளி மகனும் அர்ச்சகர் மகனும் பண்ணையார் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தக்ளியைச் சுற்ற வேண்டும். எருக்குழியை எல்லோரும் கிளற வேண்டும். காலங்காலமாகச் சிலர் மட்டும் செய்யும்படி வைத்த வேலையை எல்லோர் கைக்கும் கொண்டுவருவது.

1953இல் சென்னை மாகாணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மிச்ச நேரத்தில் வீட்டில் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும், பெண் பிள்ளைகள் வீட்டு வேலை. அதிகச் செலவில்லாமல் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். கைவேலைக்கு மரியாதை என்றும் சொன்னார்கள். ஆனால் செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கக் கற்பான், கணக்கர் மகன் கணக்கு எழுதக் கற்பான் என்றால், பள்ளிக்கூடம் எதற்கு? பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் எதிர்த்தவர்கள் வைத்தது, அதுவே நிலைத்தது. காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு. ராஜாஜி விலகினார், 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வயதுக்காரர்கள் பலர், நானும்தான், அதற்குப் பிறகு திறந்த பள்ளிகளில் முழு நாளும் உட்கார்ந்து படித்ததால்தான் இன்று இதைத் தட்டெழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அதோடு இன்னொன்றும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கைவேலை என்றாலே சந்தேகம் வந்துவிட்டது. நான் எழுபதுகளின் கடைசியில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது ஆளுக்கு ஒரு பாத்தியும் ஒரு தக்ளியும் கொடுத்தார்கள். அதற்குள் எல்லாம் சடங்காகியிருந்தது. பார்வையாளர் வரும் வாரம் பாத்தியில் தண்ணீர் இருக்கும். பிறகு பணி அனுபவம் என்று பெயர் மாறியது, மதிப்பெண் மாறியது, கால அட்டவணையில் ஒரு பீரியட் மிஞ்சியது. அதையும் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பணியாற்றிய ஓர் ஊரில் பள்ளித் தோட்டம் போட ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் ஒரு தகப்பனார் வந்து வாசலிலேயே நின்றார். கூலி வேலைக்காரர். "டீச்சர், மம்பட்டி பிடிக்கத் தெரியலன்னா இவன இங்க அனுப்பியிருக்கேன்? அத நானே சொல்லிக்கொடுத்திருவேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. பல பள்ளிகளில் தோட்ட வேலை, கூட்டுகிற வேலை, தண்ணீர் தூக்குகிற வேலை என்றால் எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். நான் வருகைப் பதிவேட்டை எடுத்து அவரிடம் காட்டினேன். அகர வரிசைப்படி நாளுக்கு நாலு பேர், ஊராட்சித் தலைவர் வீட்டுப் பையனும் அதில் உண்டு. மம்பட்டி பிடித்தவன் கையில் ஒரு நோட்டும் இருக்கும். பாத்தியின் நீள அகலம், விதை போட்ட தேதி, முளைத்தது எத்தனை, காய்த்தது எத்தனை கிராம். அவர் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தலைவர் வீட்டுப் புள்ள நிசமா செய்றானா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள் என்றேன். வந்து பார்த்தார். அந்தப் பையனுக்கு மம்பட்டி பிடிக்க வரவில்லை. இவர்தான் கிட்டப் போய்க் கையை மாற்றி வைத்துக் காட்டினார்.

குமரப்பா கடைசிக் காலத்தில் எங்கள் பக்கம், மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார். அப்போது அரசாங்கம் பெரிய அணைகளையும் ஆலைகளையும் கட்டிக்கொண்டிருந்தது. புங்க எண்ணெய் விளக்குக்காரர் சொல்வதை யாரும் அதிகம் காதில் வாங்கவில்லை. 2013ஐ ஒட்டி நம் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டப் பைகள் கொடுத்தது நினைவிருக்கும். தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதை, உரம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. அதற்கு வைத்த பெயர் 'நீங்களே செய்து பாருங்கள்'. குமரப்பா பார்த்திருந்தால் அந்தப் பை எந்த ஊரில் தைத்தது என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

சரி, எருக்குழிக்கு அளவு கேட்டவர்களுக்கு. 20 லிட்டர் பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கத்திலும் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை பதினைந்து இருபது போடுங்கள். அடியில் நாலு விரல் உயரம் காய்ந்த சருகு. காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால் சருகு இரண்டு பங்கு. தெருவில் வேப்பஞ்சருகு கூட்டி எரிக்கிறார்களே, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமைத்த சோறு, மீன் முள், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், எலி வரும். ஒரு பிடி பழைய எருவோ தோட்டத்து மண்ணோ தூவினால் சீக்கிரம் பிடிக்கும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை அடி மேலாகப் புரட்டுங்கள். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் வாசனை வரும்.

வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவிடம் இதைப் புரட்டச் சொல்லாதீர்கள். நீங்களும் உங்கள் பிள்ளையும் முறை போட்டுக்கொள்ளுங்கள், தேதியும் எடையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். படம் அனுப்பும்போது நோட்டின் பக்கத்தையும் சேர்த்து அனுப்பவும். படம் மட்டும் வந்தால் டீச்சர் மார்க் போட மாட்டேன்.